உப்பு மூட்டையும் தைல டப்பாவும்

சென்னைப் பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை போகும் லூப் சாலையில் யாருக்கு எங்கே வலிக்கும் என்பதை அவரவர் தொழிலை வைத்தே சொல்லிவிடலாம். வலை இழுப்பவருக்குத் தோள்பட்டையும் இடுப்பும். அலையில் தூக்கித் தூக்கிப் போடும் ஃபைபர் படகில் போய்வருபவருக்கு முதுகு. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்ற தலைமுறைப் பெண்களுக்குக் கழுத்து. அரிவாள்மணைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வஞ்சிரமும் சங்கராவும் அரிகிற பெண்களுக்கு முழங்காலும் மணிக்கட்டும். ஐஸ் பெட்டிக்குள் நாள் முழுக்கக் கைவிடுபவர்களுக்கு விரல் மூட்டு. சாலையைத் தாண்டி மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் வந்தால் தொழில் மாறுகிறது, வலி மாறுவதில்லை. கணினி முன்னால் உட்கார்ந்தவருக்குக் கழுத்துப் பிடிப்பு, சமையலறையில் நின்றே காலம் போக்கியவருக்குக் குதிகால் குத்தல்.

இந்த வலிகளுக்கு யாரும் முதல் நாளே மருத்துவரிடம் போவதில்லை. ஒருநாள் போவதென்றால் ஒருநாள் கூலி போகும். ஆகவே இரண்டு வழிகள். ஒன்று, மருந்துக் கடையில் ‘உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை’ என்று கேட்டு வாங்கி விழுங்குவது. மற்றது, வீட்டில் இருப்பதை எடுப்பது: கல் உப்பு, நொச்சி இலை, சுக்கு, புளி, நல்லெண்ணெய், டப்பாவில் இருக்கும் தைலம்.

முதல் வழியின் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், இரத்தக் கொதிப்பு ஏறும், சிறுநீரகம் கெடும். வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல், கடலில் மணிக்கணக்காக இருக்கும் உடம்புக்குச் சிறுநீரகக் கேடு இன்னும் விரைவாக வரும். இதனாலேயே இரண்டாவது வழியைப் பொறுப்போடு ஆராய வேண்டியிருக்கிறது. எது வேலை செய்கிறது, எதனால் வேலை செய்கிறது, எது கெடுக்கும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் ஒருவர் அந்த மாத்திரையைத் துணிந்து தள்ளிவைக்க முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வைத்தியத்தில் வலியைத் தணிக்கும் பெரும்பங்கு வேலையைச் செய்வது சூடும், தோலில் எழும் குளிர்ச்சி-எரிச்சல் உணர்வும், இன்னொருவர் கை தொட்டு நீவுவதும்தான். மூலிகையின் பங்கு நாம் நம்புவதைவிடச் சிறியது. மேலே பூசுவதும் ஒற்றுவதும் பெரும்பாலும் நல்லது. உள்ளே விழுங்குவதில்தான் கவனம் வேண்டும்.

ஒத்தடத்திலிருந்து தொடங்குவோம். இரும்புச் சட்டியில் இரண்டு கை கல் உப்பைப் போட்டு வறுத்து, பழைய வேட்டித் துணியில் கொட்டி, மூட்டையாக முடிந்து, புறங்கையில் தொட்டுப் பார்த்து, இடுப்பில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். சில வீடுகளில் உப்புக்குப் பதில் தவிடு, சில வீடுகளில் ஆற்று மணல். நொச்சி இலையையோ ஆமணக்கு இலையையோ விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் கட்டுவதும் உண்டு. பொருள் எதுவானாலும் உடம்புக்குள் போவது ஒன்றே: சூடு. சூடு பட்ட இடத்தில் இரத்த நாளங்கள் விரிகின்றன. இறுகிக் கிடந்த தசை இளகுகிறது. தோலில் இருக்கும் சூட்டு உணர்விகள் தண்டுவடத்துக்கு அனுப்பும் செய்தி, அதே பாதையில் வரும் வலிச் செய்தியைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

இது பாட்டி சொன்னது என்பதோடு நின்றுவிடவில்லை. 2002-ல் ‘ஸ்பைன்’ என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. திடீரென இடுப்புப் பிடித்துக்கொண்ட 371 பேரைப் பிரித்து, சிலருக்கு ஐபுப்ரோஃபென், சிலருக்கு பாராசிட்டமால், சிலருக்கு 40 டிகிரி சூட்டை 8 மணி நேரம் சீராகத் தரும் பட்டி கொடுத்தார்கள். பட்டி கட்டியவர்களுக்கு இரண்டு மாத்திரைகளையும்விட வலி கூடுதலாகக் குறைந்தது. அந்தப் பட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வு என்பதையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 2006-ல் காக்ரேன் அமைப்பு இதுபோன்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், சில நாட்களுக்குச் சிறிய அளவில் சூடு பலன் தருவதாகவே கண்டது. 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே சூட்டு ஒத்தடத்தையும் நீவுதலையும் முயலச் சொன்னது. லூப் சாலையோர நொச்சிக்குப்பத்துச் சமையலறை நெடுங்காலமாகச் செய்துவருவதும் அதுவே.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆய்வில் பலன் தந்தது மிதமான சூடு, நீண்ட நேரம். நம் வீடுகளில் நடப்பது கடுஞ்சூடு, கொஞ்ச நேரம். உப்பு தன்னுள் பிடித்துவைக்கும் சூடு, அதே எடைத் தண்ணீர் பிடித்துவைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் உப்பு மூட்டை சீக்கிரம் ஆறுகிறது, மறுபடி மறுபடி வறுக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகி நம்மை எச்சரித்துவிடும். காய்ந்த உப்பு எந்த அடையாளமும் காட்டாமல் அதைத் தாண்டிப் போகும். ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்வது உப்பு மூட்டையைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஈரமும் நொச்சியின் வாசனையும் சேர்ந்து வேண்டுமென்றால், இலை போட்டுக் கொதிக்கவைத்த நீரைப் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, அதில் துணி நனைத்துப் பிழிந்து ஒற்றலாம்.

சூட்டின் அளவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 1947-ல் ஹார்வர்டில் மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் தோல் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்துபோகிறது என்று அளந்தார்கள். 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரிக்குப் போனால் சில விநாடிகளே போதும். சுறுசுறுவென்று சுட்டதும் நாம் காலை இழுத்துக்கொள்வதால்தான் தப்பிக்கிறோம். சுடுவதே தெரியாத காலாக இருந்தால்?

சென்னையில் இது வெறும் கேள்வி அல்ல. நம் நகரத்து மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆண்டுகள் ஆக ஆக அவர்களில் பலருக்குப் பாதத்து நரம்பு மரத்துப்போகும். குதிகால் வலிக்கு ஊரெல்லாம் சொல்லும் வைத்தியமோ, செங்கல்லைச் சூடாக்கி அதன்மேல் எருக்கம் இலையைப் பரப்பிக் குதிகாலை அழுத்துவது. உணர்வுள்ள காலுக்கு அது இதமான சிகிச்சை. மரத்த காலில் அது கொப்புளமாகி, கொப்புளம் புண்ணாகி, ஆறாத புண் விரலைப் பறிக்கும் நிலைக்குப் போகலாம். சர்க்கரை உள்ளவர்கள் காலில் செங்கல், உப்பு மூட்டை, வெந்நீர்ப் பை மூன்றும் கூடாது. எருக்கிலையை ஒடிக்கும்போது வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சூட்டின் பெருமையைக் கடலோரம் மட்டுமே அறிந்த ஒரு வலி உண்டு. வலையைப் பிரிக்கும்போது திருக்கையின் வாலில் உள்ள முள்ளோ கெளுத்தியின் துடுப்பு முள்ளோ குத்தினால், குத்திய இடத்திலிருந்து வலி கிளம்பி ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். உடல் வலுவுள்ள ஆளையும் அழவைக்கும் வலி. அதற்கு உலகின் பல கரைகளிலும் மீனவர்கள் கண்ட வைத்தியம் பொறுக்குமளவு சூடான தண்ணீரில் காலை முக்கிவைப்பது. நவீன மருத்துவம் பின்னால் வந்து இதற்குக் கையெழுத்துப் போட்டது. கலிபோர்னியாவில் திருக்கை குத்தி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வில், முதலில் வெந்நீர் மட்டும் தரப்பட்டவர்களில் 88 சதவீதம் பேருக்கு வேறு வலி மருந்தே தேவைப்படவில்லை. இந்த மீன்களின் நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் அது கெடுகிறது என்பது ஒரு விளக்கம். சூட்டு உணர்வே வலியை அடக்குகிறது என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்திருக்கலாம். தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30 முதல் 90 நிமிடம் வரை வைக்கலாம். குத்துப்பட்ட கால் சூட்டைச் சரியாக உணராது என்பதால் மறுகாலை விட்டுப் பார்த்த பிறகே முக்க வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருந்தாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ வெந்நீரில் நேரம் கடத்தக் கூடாது. பக்கத்தில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. தடுப்பூசியும் அங்கேதான் போட வேண்டும்.

சூட்டைப் போலவே குளிரையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. கால் பிசகி உடனே வீங்கும்போது ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் ஏறும். முதல் இரண்டு நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பதும், காலை உயர்த்தி வைப்பதுமே சரி. மீன் அங்காடியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. வீக்கம் அடங்கியபின் சூடு.

இனி தைலம். மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை போகும் முழங்கால்காரர்கள் பலருக்கு, அந்தப் பெயருக்கு உரியவரே தங்கள் வீட்டு அலமாரியின் மஞ்சள் தைலத்தையும் தந்தவர் என்பது தெரிந்திருக்கும். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கினார். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்து மக்களுக்குப் பழக்கினார் என்று சொல்வார்கள். 1914-ல் தொழிலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தைலம் விற்ற பணம் ‘ஆந்திர பத்திரிகா’ நாளேட்டுக்கும் விடுதலைப் போராட்டத்துக்கும் போனது. 1936-ல் அது பொது நிறுவனமானது, 1938-ல் அவர் மறைந்தார். லஸ் சர்ச் சாலை என்றால் பல்லாண்டுகளுக்கு அமிர்தாஞ்சன் என்றே அர்த்தம். தென்கிழக்காசியாவுக்குப் போன நம் சனங்கள் தங்களுக்கென்று வேறொரு தைலத்தைக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் 1928-ல் தொடங்கிய நிறுவனத்தின் கோடாலித் தைலம் அது. இன்றும் ஊருக்கு வருபவர்கள் பெட்டியில் அது இல்லாமல் வருவதில்லை.

டப்பாவின் நிறம் எதுவானாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் நான்கே சரக்குகள்: புதினா இனச் செடியிலிருந்து எடுக்கும் மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட். பின்னிரண்டும் நீலகிரியோடு தொடர்புடையவை. யூகலிப்டஸ் 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே வந்து இறங்கியது. அதன் எண்ணெயால்தான் நமக்கு அது தைல மரம். மெத்தில் சாலிசிலேட்டைத் தன் இலையில் வைத்திருக்கும் கந்தபுரா என்ற புதர் நீலகிரிச் சோலை ஓரங்களில் தானாகவே வளர்வது. இப்போது தைலத்தில் சேர்வது பெரும்பாலும் ஆலையில் செய்த சாலிசிலேட்.

தைலம் பூசியதும் சில்லென்று இருக்கிறதே, தோல் உண்மையிலேயே குளிர்வதில்லை. குளிரை உணர்த்தும் நரம்பு முனையில் ஒரு கதவு இருக்கிறது. மென்தால் போய் அதைத் திறந்துவிடுகிறது, மூளை குளிர்ந்ததாக எண்ணிக்கொள்கிறது. மிளகாயின் காரச் சத்து இதேபோல் சூட்டுக் கதவைத் திறக்கிறது. அந்தக் கதவு உண்மையில் 43 டிகிரிச் சூட்டுக்காக ஏற்பட்டது. மிளகாய்க் கதவை டேவிட் ஜூலியஸ் 1997-ல் கண்டார். மென்தால் கதவை அவரும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே கண்டு 2002-ல் வெளியிட்டார்கள். சூட்டையும் தொடுகையையும் உடல் உணரும் வழியைக் காட்டியதற்காக இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெற்றியில் சுக்கை இழைத்துப் பற்றுப் போடும்போது எரிகிறதே, அதிலும் இந்தச் சூட்டுக் கதவுக்குப் பங்குண்டு. சுக்கின் காரமும் மிளகாய்க் காரமும் உறவுக்காரர்கள்.

பலன் உண்டா? ஜெர்மனியின் கீல் நகரில் நடந்து 1996-ல் வெளியான ஆய்வில், நெற்றியிலும் பொட்டிலும் தடவிய புதினா எண்ணெய்க் கரைசல், பதற்றத் தலைவலியை 1,000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு ஈடாகத் தணித்தது. மெத்தில் சாலிசிலேட்டும் மென்தாலும் சேர்ந்த பட்டியை 208 பேருக்குத் தசைப்பிடிப்பில் ஒட்டிப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், வெறும் பட்டியைவிட அது கூடுதலாக உதவியது. ஆனால் நாள்பட்ட மூட்டு வலிக்கு சாலிசிலேட் தைலங்கள் உதவும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. புதிய பிடிப்புக்குத் தைலம் நல்ல துணை, பத்து வருட முழங்காலுக்கு அது ஆறுதல் என்ற அளவில் எடுத்துக்கொள்வதே நியாயம்.

தைலத்தை வெளிப்பூச்சு என்பதற்காகச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சுத்தமான மெத்தில் சாலிசிலேட் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சரக்கு இருக்கிறது. ஒரு குழந்தை அதைக் குடித்தால் உயிரே போகலாம். கற்பூரம் விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரும். அமெரிக்காவில் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளையே தடைசெய்தார்கள். சளிக்கென்று கைக்குழந்தையின் மூக்கருகே தைலம் தடவும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர்கள் உடம்பெல்லாம் சாலிசிலேட் தைலம் பூசிக்கொண்டதில் இரத்தம் உறையாத நிலை கூடிப்போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தைலம் பூசிய இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பதும் ஆகாது. சூட்டில் தோல் அதை மளமளவென்று உறிஞ்சும், புண்ணும் ஆகும்.

பூசும்போது தேய்க்கிறோமே, அந்தத் தேய்ப்புக்கும் பங்குண்டு. எங்காவது இடித்துக்கொண்டால் கை தானாக அந்த இடத்தைத் தேய்க்கும். 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் இதற்குக் காரணம் சொன்னார்கள். தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகள், தண்டுவடத்தின் வாயிலில் வலிச் செய்திக்கு வழிவிடாமல் மறிக்கின்றன. அந்தக் கோட்பாட்டின் விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. மகள் நல்லெண்ணெயைச் சூடுகாட்டி அம்மாவின் முழங்காலில் உருவிவிடும்போது எண்ணெய், சூடு, தொடுகை, அன்பு நான்கும் சேர்ந்தே வேலை செய்கின்றன. இவற்றைப் பிரித்து அளக்க ஆய்வாளருக்குக் காரணம் இருக்கலாம். வலிப்பவருக்கு அந்தத் தேவை இல்லை.

சுளுக்கு வழிப்பதையும் இதே வரிசையில்தான் வைப்பேன். காலை முன்வைத்துப் பிறந்தவர் காலால் நீவினால் சுளுக்கு போகும் என்ற நம்பிக்கை தமிழகமெங்கும் உண்டு. மெல்ல நீவுவதோடு நின்றால் தசைப்பிடிப்பு இளகும். கழுத்தை ‘சொடக்’கென்று திருப்புவதும், எலும்பு முறிந்ததா இல்லையா என்று படம் எடுக்காமலே இறுக்கிக் கட்டுவதும் வேறு விஷயம். குழந்தையின் முழங்கையில் முறிவு இருந்து, கட்டு இறுகி, இரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் கையே முடங்கும். கட்டிய கையின் விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ கட்டை அறுத்துவிட்டு ஓட வேண்டும்.

இப்போது உள்ளுக்குச் சாப்பிடுவது. கச்சேரி சாலையில் நூறாண்டு தாண்டிய டப்பா செட்டி கடை முன்னால் நின்றால் சுக்கு, திப்பிலி, ஓமம், அதிமதுரம் எல்லாம் கலந்த ஒரு வாசம் தெருவுக்கே வரும். பிள்ளை பெற்றவளுக்கு லேகியச் சரக்கு, தீபாவளிக்கு மருந்துச் சரக்கு என்று தலைமுறைகளாக வாங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு. திருவான்மியூரில் 1944-ல் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவு, சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்கள் சேர்ந்து நடத்துவது. தைலங்களை முறைப்படி காய்ச்சி, பெயரும் சரக்கும் அச்சிட்டு விற்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆக, உள்ளுக்குச் சாப்பிட வேண்டுமென்றால் கேட்டுச் சாப்பிட இந்த நகரத்தில் இடமுண்டு.

மஞ்சள் பால் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். மஞ்சளின் குர்குமினைத் தனியே கொடுத்தால் இரத்தத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது. 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உறிஞ்சுதல் 20 மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகைத் தட்டிப்போட்ட நம் பழக்கத்துக்கு இது பெரிய சான்று என்று எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். கணக்குப் போட்டால் மகிழ்ச்சி சற்றுக் குறையும். மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீத அளவே. பாலில் போடும் ஒரு தேக்கரண்டி மஞ்சளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. தாய்லாந்தில் 367 மூட்டு நோயாளிகளுக்கு 2014-ல் மஞ்சள் சாறு ஐபுப்ரோஃபெனுக்கு ஈடாக உதவியது உண்மை. அவர்கள் சாப்பிட்டது செறிவூட்டிய சாறு, நாளுக்கு 1,500 மில்லிகிராம். மஞ்சள் பால் இதமான பானம், தூங்கப்போகும்முன் நல்லது; அதை மருந்தாக எண்ணி முழங்காலை ஒப்படைக்க முடியாது. அந்த அளவை எட்டுவதற்காக மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் மாத்திரைகளை வாங்குபவர்கள், அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டதாகப் பத்துப் பேரின் விவரம் பதிவாகியிருப்பதையும் அறிய வேண்டும். சமையல் மஞ்சளுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இஞ்சியின் நிலை கொஞ்சம் மேல். தெஹ்ரானில் மாதவிடாய் வலிக்கு 250 மில்லிகிராம் சுக்குத்தூளை நாளுக்கு நான்கு வேளை கொடுத்தபோது மெஃபனமிக் அமிலத்துக்கும் ஐபுப்ரோஃபெனுக்கும் ஈடாக இருந்தது என்று 2009-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரு கிராம் என்பது வீட்டுச் சுக்குக் கஷாயத்துக்கு எட்டக்கூடிய அளவு. இங்கே சமையலறையும் ஆய்வும் கைகோர்க்கின்றன என்பதால் இளம்பெண்களுக்கு நம்பிச் சொல்லலாம். பல்வலிக்குக் கிராம்பும் அப்படியே. குவைத்தில் 2006-ல் 73 பேரின் ஈறில் கிராம்புப் பசையும் பல் மருத்துவர் பூசும் மரப்பு மருந்தும் ஒப்பிடப்பட்டன. ஊசி குத்தும் வலியை இரண்டும் ஒரே அளவில் தணித்தன. சொத்தையை அது ஆற்றாது, மருத்துவரைப் பார்க்கும் வரை தாக்குப்பிடிக்க வைக்கும்.

முடக்கத்தான் தோசைக்கு நான் பெரிய ரசிகன். 2006-ல் சிக்குன்குனியா வந்து மாதக்கணக்கில் மூட்டுகளைப் பிடித்துவைத்த நாட்களில், கீரைக்காரியிடம் முடக்கத்தான் கேட்காத வீடு குறைவு. ஆய்வகத்தில் எலிகளிடம் அழற்சியைக் குறைக்கும் குணம் அதற்கு இருப்பது தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் அதை நிலைநாட்டும் அளவுக்குப் பெரிய ஆய்வு வரவில்லை. கீரையாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. ஆனால் காய்ச்சலோடு உடம்பு முறித்துப்போட்டது போல் வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதையும் தொடாமல் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

உள்ளுக்கு எடுப்பவற்றில் உண்மையான கண்டம், சீட்டில்லாத பொட்டலத்தில் வரும் ‘மூட்டு வலிப் பொடி’. மூன்றே நாளில் முழங்கால் பறக்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும், திடீரென நிறுத்தினால் மயங்கி விழுவார்கள். மூலிகை எதுவும் அப்படி மூன்று நாளில் மாயம் செய்யாது.

வீட்டு வைத்தியம் உயிரைப் பறிக்கும் இடம் ஒன்றுண்டு. நடுநெஞ்சு அழுத்துகிறது, இடது தோளும் தாடையும் வலிக்கின்றன, வியர்த்துக் கொட்டுகிறது; வீட்டில் ‘வாயுப் பிடிப்பு’ என்று ஓமத்தண்ணீர் கொடுத்து, தோளில் தைலம் தேய்த்துப் படுக்கவைக்கிறார்கள். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாம். நாற்பது வயதைத் தாண்டியவருக்கோ சர்க்கரை உள்ளவருக்கோ அந்த வலி வந்தால் தைலத்தைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகள் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த மாத்திரைகளில் ஒன்று ஆஸ்பிரின். தைல டப்பாவில் உள்ள சாலிசிலேட்டின் நெருங்கிய சொந்தம். தோளில் தேய்க்கும்போது இதயத்துக்கு உதவாத அந்தக் குடும்பம், சரியான வடிவில் சரியான நேரத்தில் வயிற்றுக்குள் போனால் உயிர் காக்கிறது. இதேபோல் இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீர் கட்டுக்கடங்காமல் போனாலோ, இரவில் எழுப்பும் வலியோடு எடை குறைந்தாலோ ஒத்தடத்துக்கு அங்கே வேலையில்லை.

கடைசியாக ஒன்று. ஒத்தடம் கொடுத்து இரவில் தூங்கும் முழங்கால், விடிந்ததும் மறுபடி அரிவாள்மணைக்கு முன்னால் குந்துகிறது. பெய்ஜிங்கில் வயதானவர்களிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வு, இளமையில் நீண்ட நேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முதுமையில் முழங்கால் தேய்வு கூடுதலாக வருவதைக் காட்டியது. லூப் சாலை வியாபாரிகளுக்காக நொச்சிக்குப்பத்தில் மாநகராட்சி கட்டிய மீன் அங்காடி 2024-ல் திறக்கப்பட்டது. 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அவர் ஒருநாள் வீட்டுக்கு வருவதற்குப் பதில் அங்காடிக்கு வந்து, மீன் அரியும் பெண்கள் எந்த உயரத்தில் உட்கார்கிறார்கள், எவ்வளவு நேரம் குனிகிறார்கள் என்று அளந்து சொல்லலாம். நின்று அரிய இடுப்புயர மேசை, அரிவாள்மணையே வேண்டும் என்பவர்களுக்கு ஓர் அடி உயர முக்காலி, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்க ஒரு வழக்கம். இவை மூன்றும் கிடைத்தால் அந்தப் பெண்கள் மாதம் வாங்கும் தைல டப்பாக்களின் எண்ணிக்கை குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.